புற்றைச் சுற்றிய மான்

மலையடிவாரக் காட்டில் ஒரு புள்ளிமான் கூட்டம் இருந்தது. அவை மேயும் புல்வெளியின் ஓரத்தில் ஆழமான பாறைப் பிளவு ஒன்று உண்டு. மான் அதைத் தாண்டிவிடும். செந்நாயால் முடியாது. ஆனால் அந்தப் பக்கம் வெறும் பாறை. ஒரு புல்கூட முளைக்காது. அதனால் மான்கள் இந்தப் பக்கமே மேய்ந்து, இந்தப் பக்கமே படுத்துக்கொள்ளும். ஆபத்து வந்தால்தான் தாவும்.

ஒருநாள் மரத்திலிருந்த மந்தி கத்தியது. "செந்நாய்க் கூட்டம் ஒண்ணு இந்தக் காட்டுக்குள்ள வந்திருக்கு! சூதானம்!"

தலைவன் நெடுங்கொம்பன் அன்றே பயிற்சியைத் தொடங்கியது. தினமும் வெயில் தாழ்ந்ததும் எல்லா மான்களும் பிளவைத் தாண்டிப் போய்த் திரும்பி வரவேண்டும். பகலெல்லாம் மேய்ந்து நடந்த உடம்பு அந்நேரம் நன்றாக இளகியிருக்கும். ஒரு மானும் தவறவில்லை.

"இனி எமனே வந்தாலும் பயமில்லை!" என்றது நெடுங்கொம்பன்.

சிட்டா என்ற பெண்மானுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. அதற்கு மினுக்கு என்றொரு குட்டி. ஒரு விடியலில் எல்லோரும் தூங்கும்போது சிட்டா தனியாகத் தாவிப் பார்த்தது. பின்னங்கால் விளிம்பில்தான் பட்டது. கற்கள் சரிந்து உருண்டன. உயிர் போய் உயிர் வந்தது.

"அண்ணே, விடியல்ல உடம்பு விறைச்சுக் கிடக்கு. சாயங்காலம் சுலபமா தாண்டின இடத்துல செத்துப் பிழைச்சேன். செந்நாய் விடியல்லதானே வேட்டைக்கு வரும்? அந்த நேரத்துலயும் பழகணும்" என்றது நெடுங்கொம்பனிடம்.

"அதே பிளவு, அதே காலு! காலையில பிளவு அகலமாயிடுமா?" கூட்டமே சிரித்தது.

"பிளவு அகலமாகாதுண்ணே. நம்ம உடம்புதான் அந்நேரம் முழிக்கலை."

"எங்க தூக்கத்தைக் கெடுக்காம போ தாயே!"

மறுநாள் முதல் சிட்டா தினமும் விடியலில் மினுக்கை எழுப்பியது. முதலில் மெல்ல நடை. பிறகு புல்வெளியின் நடுவிலிருந்த கறையான் புற்றைச் சுற்றி ஓட்டம். உடம்பு சூடான பிறகே தாவல். நாளாக ஆக விடியலும் அவற்றின் கால்களுக்குப் பழகிப்போனது.

பூவாயி என்ற மான் படுத்தபடியே கேலி செய்யும். "இருட்டு விலகுமுன்னே எந்தச் சாமியைச் சுத்துறே, சிட்டா?"

"புள்ளையைக் காப்பாத்துற சாமியைத்தான்!"

பனி மூடிய ஒரு காலை. மந்தி அலறியது. "வந்துட்டானுங்க! ஓடைக்கரைக்கு வந்துட்டானுங்க!"

மான்கள் துள்ளி எழுந்தன. நெடுங்கொம்பன் முதலில் பாய்ந்தது. முன்னங்கால் அந்தக் கரையைத் தொட்டது. பின்னங்கால் தொடவில்லை! சரிந்து விழுந்து, பிளவின் நடுவே முளைத்த புதரில் கொம்பு மாட்டித் தொங்கியது.

மற்ற மான்கள் விளிம்பிலேயே உறைந்து நின்றன.

சிட்டாவும் மினுக்கும் அதற்குள் புற்றைச் சுற்றி முடித்திருந்தன. "அம்மா, தாவலாமா?"

"நீ தாவு கண்ணு. அம்மா வந்துடுறேன்."

மினுக்கு பறந்து போய் அந்தப் பக்கம் இறங்கியது. சிட்டா மற்ற மான்களிடம் ஓடி வந்தது.

"யாரும் தாவாதீங்க! என் பின்னாலேயே வாங்க! புற்றைச் சுத்துங்க!"

"நாய் வர்ற பக்கமாவா? பைத்தியமா உனக்கு!" என்று பூவாயி அழுதது.

"கால் சூடாகாம தாவினா அண்ணன் கதிதான்! ஓடி வா!"

கூட்டம் ஓடியது. ஒரு சுற்று. செந்நாய்களின் சீழ்க்கை கேட்டது. இன்னொரு சுற்று. புல் அசைந்தது. காற்றில் நாய் வாடை அடித்தது. "இன்னும் ஒரு தடவை!" என்றது சிட்டா. புல்லுக்குள்ளிருந்து சிவந்த முகங்கள் எட்டிப் பார்த்தன.

"இப்போ தாவுங்க!"

ஒவ்வொன்றாகப் பாய்ந்தன. பூவாயியும் தாண்டிவிட்டது. கடைசியாகச் சிட்டா. வால் மயிரை ஒரு நாயின் பல் பற்றி இழுத்தது. மயிர்தான் நாயின் வாயில் மிஞ்சியது!

செந்நாய்கள் விளிம்பில் உறுமிப் பார்த்துவிட்டு, வெயில் ஏறியதும் போய்விட்டன. நெடுங்கொம்பன் ஒரு கொம்பை ஒடித்துக்கொண்டு, தட்டுத்தடுமாறி மேலே ஏறி வந்தது.

மறுநாள் விடியலில் யாரோ நொண்டி நொண்டிப் புற்றைச் சுற்றும் சத்தம் கேட்டது. பூவாயி கண்ணைத் திறந்தது. "என்னண்ணே, எந்தச் சாமியைச் சுத்துறீங்க?"

"நேத்து உன்னைக் காப்பாத்துச்சே, அந்தச் சாமியைத்தாம்மா. எழுந்திரு! எல்லாரையும் எழுப்பு!"

கடவுள் கொடுத்த இந்த உடம்பு வேளைக்கு ஒரு விதமாக இருக்கும். அதனால் நமக்குச் சுலபமான வேளையில் மட்டும் பழகாமல், சோதனை வரும் வேளையிலும் பழகிக்கொள்ள வேண்டும்.