தொட்டதும் நிற்பவை

ஆய்வுக்கூடத்தில் பாத்திரம் கழுவ வந்த அருளப்பன், ஐம்பது வயதில் செல் வளர்க்கக் கற்றுக்கொண்டிருந்தார். கற்றுக்கொடுத்த உமையாள் அவரைவிடப் பதினைந்து வயது இளையவர்.

எலித்தோல் செல்களை இரண்டு தட்டுகளில் வளர்த்தார்கள். ஒன்றில் ஊட்டநீர் மட்டும். மற்றதில் அதோடு துளியினும் துளியாகக் களைக்கொல்லி.

ஆறாம் நாள் காலை அருளப்பன் ஓடிவந்தார்.

"மேடம், மருந்து விட்ட தட்டுல ஒண்ணுகூடச் சாகல! எண்ணிட்டேன். மத்ததைவிட ரெண்டு பங்கு இருக்கு."

"அதுக்கு ஏன் அண்ணே இவ்வளவு சிரிப்பு?"

"என் பொண்ணு ஜெசிந்தா இதே புல்லு மருந்து அடிக்கிற வேலைக்குப் போறா. வெறுங்கை. புல்லைத்தான் கொல்லும், ஆளை ஒண்ணும் பண்ணாதுன்னு கடைக்காரர் சொல்றாராம். நிஜமான்னு என்னைக் கேட்டு உசிரை வாங்குறா. பத்து மணிக்கு அவளைக் கூட்டிட்டுப் போக வண்டி வந்துரும். பயப்படாம போன்னு சொல்லிடவா?"

உமையாள் மருந்தில்லாத தட்டை நுண்ணோக்கியின் கீழ் வைத்தார்.

"பாருங்க."

"தரையில ஓடு பதிச்ச மாதிரி இருக்கு. இடுக்கே இல்ல."

"தீனி மிச்சம் இருக்கே. ஏன் இன்னும் பெருகல?"

அருளப்பன் கண்ணை எடுக்காமல் யோசித்தார்.

"பக்கத்துச் செல்லைத் தொட்டதும் நின்னுடுது மேடம். யாரு சொல்லிக் குடுத்தா இதுக்கு?"

உமையாள் தட்டை மாற்றினார். இந்த முறை அருளப்பன் வெகுநேரம் பார்த்தார்.

"கல்யாணப் பந்தியில இடம் பிடிக்கிற மாதிரி ஒண்ணுமேல ஒண்ணு ஏறிக் கிடக்கு. அடியில கிடக்கிறது கண்ணுக்கே தெரியல."

"தொட்டா?"

"தொட்டாலும் நிக்கல."

"புத்துநோய்க் கட்டியும் இப்படித்தான் அண்ணே, நிக்காம பெருகும்."

அருளப்பன் நிமிர்ந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. ஆனாலும் விடவில்லை.

"அப்ப, இது ஆளைக் கெடுக்குமா மேடம்?"

"ஒரு தட்டை வச்சு ஆளைப் பத்திச் சொல்ல எனக்குத் தெரியாது."

"தெரியாதுன்னா, போகட்டுமே. சாகலதானே?"

உமையாள் கையுறை மாட்டிக்கொண்டு களைக்கொல்லிப் புட்டியைத் திறந்தார்.

"கையுறையைக் கழட்டிட்டுக் கையை நீட்டுங்க அண்ணே. ஒரு சொட்டுதான்."

அருளப்பன் கையுறையைக் கழற்றினார். கை பாதிதூரம் வந்தது. அங்கேயே நின்றது.

சுவர்க் கடிகாரத்தில் பத்தாக எட்டு நிமிடம் இருந்தது.

"அவகிட்ட நான் என்ன சொல்றது மேடம்?"

உமையாள் புட்டியை மூடினார்.

"உங்க கை எதுக்கு நின்னுச்சோ, அதைச் சொல்லுங்க."