ராஜா தோள் கொடுத்த பல்லக்கு

முன்னொரு காலத்திலே பொன்னாவரம் என்ற சீமையை மதியழக பூபதி என்கிற ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான், குறை சொல்லக் கூடாது. ஆனால் காலையில் வெல்லம், மத்தியானம் மிளகாய்! எப்போது சிரிப்பார், எப்போது சீறுவார் என்று அவருக்கே தெரியாது.

அவர் பல்லக்கை நாலு பேர் தூக்குவார்கள். அதிலே ஒரு கட்டுப்பாடு உண்டு. முன்தண்டில் வலப்பக்கம் நிற்கிறவன் பாதையைப் பார்த்துக் குரல் கொடுக்க வேண்டும். அவனுக்கு நேர் பின்னே நிற்கிறவன் பதில் குரல் கொடுக்க வேண்டும். மற்ற இருவரும் வாயே திறக்கக் கூடாது. பின்னால் வருகிறவனுக்குப் பாதை எங்கே தெரிகிறது? பல்லக்கின் முதுகுதானே தெரியும்!

முன்னே வெள்ளையன், பின்னே சடையன். வெள்ளையனின் தங்கையைத்தான் சடையன் கட்டியிருந்தான். "கல்லு மாப்ளே!" என்பான் அவன். "ஆச்சு மச்சான்!" என்பான் இவன். பன்னிரண்டு வருஷம் இப்படியே ஓடியது. ராஜா உள்ளே குறட்டை விட்டுக்கொண்டு போவார்.

ஒருநாள் ராஜாவுக்கு வெல்லம் சுரந்துவிட்டது. "அடடா, என்ன நடை!" என்று முன்னே நின்ற வெள்ளையனுக்கு மட்டும் ஒரு பட்டுத் தலைப்பாகையைக் கட்டிவிட்டார். சடையனுக்குப் பட்டு மேல் ஆசையில்லை. 'பின்னாலே என் மாப்பிள்ளையும் இருக்கான் ராஜா' என்று மச்சான் ஒரு வார்த்தை சொல்லவில்லையே! அதுதான் அவன் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

அரசவையில் ஏகவாணர் என்று ஒரு பிரபு. தன் ஊர் ஆட்களைப் பல்லக்கு வேலையில் சேர்க்க வேண்டும் என்று அவருக்கு வெகுநாள் அரிப்பு. சும்மா இருப்பாரா? சடையனிடம் போய், "அவனுக்குப் பட்டு, உனக்குப் புழுதியா?" என்றார். வெள்ளையனிடம் போய், "உன் மாப்பிள்ளை வயிறெரிகிறானப்பா" என்றார். அவ்வளவுதான். குரலும் நின்றது, பதிலும் நின்றது. மூன்றாம் நாள் பல்லக்கு ஒரு பள்ளத்தில் சாய்ந்து, ராஜா சேற்றில் உருண்டார்.

"நாளைப் பொழுது சாய்வதற்குள் இரண்டு குடும்பமும் என் எல்லையைத் தாண்டிவிட வேண்டும்!" என்று கர்ஜித்தார். சடையன் பெண்டாட்டிக்கு ஏழாம் மாசம். எங்கே போவாள், எப்படி நடப்பாள்?

மறுநாள் இருவரும் விடைபெறச் சபையிலே வந்து நின்றபோது மந்திரி அறவாழியார் மெல்ல எழுந்தார். "அரசே, போகிறவர்கள் போகட்டும். புது ஆளுக்கு இந்த வித்தை வருமா?"

ஏகவாணர் சிரித்தார். "சுமப்பதில் என்ன ஐயா வித்தை? தோள் இருந்தால் போதாதா?"

"அப்படியானால் தாங்களே முன்தண்டைப் பிடித்துக் காட்டுங்களேன். இடப்பக்கத்து இருவரும் இருக்கவே இருக்கிறார்கள். பின்தண்டுக்குத்தான் ஆள் வேண்டும். திடகாத்திரமான ஆளாக..." என்று இழுத்தபடி மந்திரி ராஜாவின் தோளைப் பார்த்தார்.

ராஜாவுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. "ஏன், நான் இல்லையா? சரி, உள்ளே யாரை ஏற்றுவது?"

"இந்த இரண்டு குற்றவாளிகளையும்தான் அரசே!"

பல்லக்குக்குள் முழங்காலோடு முழங்கால் இடிக்க, எதிரெதிரே குறுகி உட்கார்ந்தார்கள் இருவரும். சடையன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மழை விட்ட நந்தவனப் பாதையில் பல்லக்கு கிளம்பியது.

ஏகவாணர் தன் செருப்பில் ஈரம் படாமல் தாண்டித் தாண்டிப் போனார், வாயைத் திறக்கவில்லை. பின்னாலே ராஜா குட்டையில் கால் விட்டார், கல்லில் கட்டைவிரலை இடித்துக்கொண்டார். "ஐயோ! அம்மா!" என்ற சத்தம் உள்ளே கேட்டது. திரை இடுக்கில் பாதையைப் பார்த்த வெள்ளையனுக்குப் பொறுக்கவில்லை. தன்னை மறந்து கத்தினான்.

"வலக்காலு பள்ளம் மாப்ளே!"

"ஆச்சு மச்சான்!" என்றான் சடையன், அவனும் தன்னை மறந்து. அதைக் கேட்ட ராஜா காலை எட்டி வைத்துத் தப்பினார்.

உள்ளே வெள்ளையன் விம்மினான். "நீ வயிறெரியறேன்னு ஏகவாணர் சொன்னார். நானும் நம்பிட்டேனே மாப்ளே!"

"எனக்குப் புழுதிதான்னு எங்கிட்டச் சொன்னாரு. போகட்டும், நீ என்னைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லே?"

"தப்புதான்டா. பட்டைப் பார்த்ததும் புத்தி கெட்டுப்போச்சு. ஊரைவிட்டுப் போனாலும் தங்கச்சியை நான் தோள்ல தூக்கிட்டுப் போறேன், நீ கவலைப்படாதே."

சடையன் மச்சானின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

"நில்லுங்கள்!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. பல்லக்கு இறங்கியது. ராஜாவின் தோள் கன்றிச் சிவந்திருந்தது, கால் முழுக்கச் சேறு.

பக்கத்தில் நடந்துவந்த மந்திரி, "உள்ளே பேசுவது பின்தண்டுக்கு நன்றாகவே கேட்கும் அரசே" என்றார்.

"கேட்டது, கேட்டது. ஏகவாணரே! என் கால் போகிறதே, ஒரு குரல் கொடுத்தால் என்னவாம்?"

"மன்னரைப் பார்த்து... கத்துவது... மரியாதையில்லையே..."

"காதில் ஓதுவது மட்டும் மரியாதையோ? நாளை முதல் ஒரு மாசம் என் பல்லக்குக்கு முன்னால் வெறுங்காலோடு நடந்து, கல்லையும் முள்ளையும் பொறுக்கிப் போடும்!"

வெள்ளையனையும் சடையனையும் அருகே அழைத்து, "எங்கேயும் போக வேண்டாம். பிள்ளை என் ஊரிலேயே பிறக்கட்டும்" என்றார். சடையன் காலில் விழப்போனான். ராஜா தடுத்து, அவன் தோளைத் தொட்டுப் பார்த்தார். அங்கே தோல் காய்த்துத் தழும்பேறியிருந்தது.

"பன்னிரண்டு வருஷம் என்னைச் சுமந்திருக்கிறாய். உன் பேர் என்னப்பா?"

சடையன் வாய் திறப்பதற்குள் வெள்ளையன் முந்திக்கொண்டான். "சடையன் ராஜா. என் மாப்பிள்ளை. இவன் பதில் கேட்காட்டி எனக்கு அடுத்த அடி ஓடாது."

அன்றைக்குப் பிறகு மதியழக பூபதி, தூக்குகிற நாலு பேரையும் பேர் சொல்லி அழைக்காமல் பல்லக்கில் ஏறியதே இல்லையாம்.