வளைக்குள் வந்த விருந்தாளி

தாமரைக்குளத்துக் கரையில் செவலை என்ற வயலெலி தனியாக வாழ்ந்துவந்தது. போன மழை வெள்ளம் அதன் குட்டிகளை அடித்துக்கொண்டு போய்விட்டது. வளை நிறைய நெல் இருந்தது. பேசத்தான் ஆளில்லை.

ஒருநாள் சுண்டெலி ஒருத்தி உள்ளே நுழைந்தாள்.

"அக்கா, ஒரு மூலையில் ஒண்டிக்கொள்கிறேன். உனக்கும் பேச்சுத்துணை ஆயிற்று."

செவலைக்கு மனம் குளிர்ந்துவிட்டது. "இரு தங்கச்சி, தாராளமாக இரு" என்றது.

சுண்டெலி நெல் அறைச் சுவரில் ஒரு சந்து குடைந்து அதற்குள் போய்ப் படுத்துக்கொண்டாள். பேச்சுக்கு வரவேயில்லை. செவலை ஏதாவது சொன்னால், நெல் கொறிக்கும் சத்தம்தான் பதிலாக வரும். அந்தச் சத்தமாவது இருக்கிறதே என்று செவலை மேலும் மேலும் நெல் கொண்டுவந்து குவித்தது.

ஒரு மாதம் போயிற்று. கரையில் குடியிருந்த ஆள்காட்டிக் குருவி வளை வாசலில் வந்து கத்தியது.

"செவலை, உன் வீட்டுப் பின்பக்கம் ஓட்டை விழுந்திருக்கிறது. அது வழியாக ஏழு சுண்டெலிகள் தண்ணீர் குடிக்க வந்ததைப் பார்த்தேன்."

"ஏழா? ஒருத்திதானே வந்தாள்!"

"ஒருத்திதான் வந்தாள். உன் நெல்லைத் தின்று ஏழாகிவிட்டாள். ஏழும் குடைந்தால் சுவர் தாங்காது."

செவலை ஓடிப்போய்ச் சந்துக்குள் பார்த்தது. மூக்கு மட்டுமே நுழைந்தது.

"தோண்டிப் பிடிக்கட்டுமா?"

"தோண்டினால் வீடு உன் தலையிலேயே விழும். நெல்லை வெளியே தள்ளு. இனிமேல் சேர்த்து வைக்காதே. நண்டோ கிழங்கோ, கிடைப்பதைக் கிடைத்த இடத்திலேயே தின்றுவிடு."

"நானும் பட்டினி கிடக்க வேண்டியிருக்குமே."

"நீ கொஞ்ச நாள் தாங்குவாய். அவர்கள் தாங்கமாட்டார்கள்."

செவலை வாய் வாயாக நெல்லைச் சுமந்து குளத்தில் கொட்டியது. மூன்று நாள் பிடித்தது. நெல் தின்று பழகிய வயிறு நண்டுக்கும் கோரைக்கிழங்குக்கும் லேசில் இணங்கவில்லை. உடம்பு அனலாய்க் கொதித்தது. எலும்பு தெரிய இளைத்துப்போனது.

ஐந்தாம் நாள் சுண்டெலி சந்துக்குள்ளிருந்து வெளியே வந்தாள்.

"அக்கா, நெல் எங்கே?"

"இல்லை. ஒரு நண்டு இருக்கிறது. தின்றுகொண்டே கொஞ்சம் பேசலாம், வா."

"நெல் இல்லாத வீட்டில் எனக்கென்ன பேச்சு?"

குட்டிகளை அழைத்துக்கொண்டு போனவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

செவலை பின்பக்க ஓட்டையை மண் வைத்து அடைத்தது. வளை இடியாமல் நின்றது, உயிரும் பிழைத்தது. ஆனால் உள்ளே ஒரு சத்தமும் இல்லை. வெகுநேரம் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தது. பிறகு எழுந்து, இரை தேடி வயலுக்குப் போயிற்று.

நம் உடம்பிலும், கிருமி புகுந்த உயிரணு நோய் எதிர்ப்பு அணுக்கள் வெளியே இருந்து அனுப்பும் எச்சரிக்கையைக் கேட்டு, தன் உணவுப் பழக்கத்தையே இப்படித்தான் மாற்றிக்கொள்கிறது. உள்ளே ஒண்டிய பகையை ஒழிக்க வேண்டுமானால், அதை வளர்க்கும் சோற்றை நாமும் சிறிது காலம் இழக்கத்தான் வேண்டும்.