ஜமீன்தாரின் காமாலைப் பத்தியம்

சாம்பிராணிப் புகையில் அரண்மனை மிதப்பதுபோல் இருந்த ஒரு பனிக்காலை. காமாலையில் கண் மஞ்சளித்த ஜமீன்தார், தனக்கு மருந்து கொடுத்த வைத்தியக்காரி சீனியம்மாவை வரவழைத்தார்.

"உன் கீழாநெல்லிச் சாறு ஆளைக் கொல்லுது. ஊரைவிட்டே ஓடு!"

"பத்தியம் இருந்தீகளா, எசமான்?"

"உப்பில்லாக் கஞ்சியைத் தவிர எதையும் தொடலை."

"அப்ப தப்பு என்னுதுதான், போறேன். ஆனா உங்க அடுப்படியில தினமும் அயிரைமீன் குழம்பு மணக்குதே! எசமான் பேரைச் சொல்லிச் சமையக்காரர் திங்கிறாரு போல. அவரையும் என்கூட அனுப்பிடுங்க."

சமையற்காரர் பதறி ஓடிவந்தார். "எசமான்! நீங்க வழிச்சு நக்கின சட்டிக்கு நானா ஊரைவிட்டுப் போகணும்?"

புகை மெல்ல விலகியது. ஜமீன்தார் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, சீனியம்மா. இங்கேயே இரு."

"இருக்கேன் சாமி. மருந்தைத் திரும்ப ஆரம்பிப்போம். காமாலை இறங்குற வரைக்கும் அந்தச் சட்டி என் வீட்டுல இருக்கட்டும்."