தகரத்தில் தெரிந்த இருவர்

ஊற்றுக்கல் மடத்து மெய்யம்மையிடம் கேள்வி கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு வேலைதான் பதிலாகக் கிடைக்கும். கேட்டவர் கையில் துடைப்பத்தைக் கொடுத்துவிடுவார். சில சமயம் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விடுவார். பதிலைக் கண்டுபிடிப்பது கேட்டவர் பாடு.

அவருடைய சீடர்களில் மூத்தவர் கோட்டைச்சாமி. குருவைவிடப் பன்னிரண்டு வயது பெரியவர். மனைவி, மகள் என்று குடும்பம் உள்ளவர். அவர் குருவை "அம்மா" என்பார். குரு அவரை "அண்ணே" என்பார். மலையூரில் இதைக் கேலி செய்யாதவர்கள் இல்லை. கரண்டு போனால் அண்ணனைக் கூப்பிடு, உயிர் போனால் அம்மாவைக் கூப்பிடு என்பார்கள். இருவரும் சேர்ந்தே சிரிப்பார்கள்.

கோட்டைச்சாமி எலக்ட்ரீஷியன். தேயிலைத் தொழிற்சாலைகளில் சுவிட்ச் போர்டுகளைச் சோதிப்பது அவர் வேலை. அதற்காக ஒரு சூட்டுக் கேமரா வைத்திருந்தார். தீப்பெட்டி அளவுதான் இருக்கும். அதைச் செல்போனின் அடியில், சார்ஜர் செருகும் இடத்தில் செருக வேண்டும். உடனே போன் திரையில் எதிரே உள்ளவற்றின் சூடு தெரியும். குளிர்ந்தது நீலம், சூடானது மஞ்சள். எந்த இணைப்பு தளர்ந்திருக்கிறது, எந்த ஒயர் கருகப்போகிறது என்று தொடாமலே சொல்லிவிடுவார்.

ஒருநாள் அதை மடத்துக்குக் கொண்டுவந்து குருவைப் பார்த்தார். பிறகு குருவின் பக்கத்தில் தூங்கிய பூனையைப் பார்த்தார். இரண்டும் ஒரே மஞ்சள். ஞானத்துக்குத் தனியாக ஒரு நிறம் இல்லையா என்று கேட்டார். பூனையிடம் கேளுங்கள் என்றார் குரு.

அந்த ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. ஒரு விடியற்காலையில் மலையின் ஒரு பக்கம் சரிந்தது. மேல் வரிசையில் இருந்த கோட்டைச்சாமியின் வீடு மண்ணுக்குள் போயிற்று. கீழ் வளைவில் இருந்த டீக்கடையும் போயிற்று. கோட்டைச்சாமி அன்று அடுத்த மலையில் வேலையாக இருந்தார். வீட்டில் மனைவி பூங்கோதையும் மகள் யாழினியும் இருந்தார்கள். டீக்கடையில் பாலைக் காய்ச்சிக்கொண்டிருந்த சூசை இருந்தான்.

கோட்டைச்சாமி வந்து சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. தீயணைப்புக்காரர்கள் மேல்சரிவைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். சேற்றின் மேல் ஒரு பெரிய பாறை சாய்ந்து நின்றது. அதை அகற்றாமல் யாரும் கால் வைக்கக் கூடாது என்றார் அதிகாரி. பாறையை அகற்றப் பொக்லைன் வேண்டும். இருந்தது ஒரே ஒரு பொக்லைன். அது கீழே டீக்கடையைத் தோண்டிக்கொண்டிருந்தது. காலையில் அங்கே மண்ணுக்குள்ளிருந்து யாரோ தகரத்தைத் தட்டும் சத்தம் கேட்டதாம். சூசையின் அண்ணன் அருளப்பன் கேட்டிருக்கிறான். அதிகாரியும் கேட்டிருக்கிறார். அப்புறம் கேட்கவில்லை.

மேலே ஏதாவது அடையாளம் கிடைத்தால் வண்டியை அனுப்புகிறேன், அதுவரை என்னால் முடியாது என்று அதிகாரி சொல்லிவிட்டார். அவர் கண்ணும் சிவந்துதான் இருந்தது.

கோட்டைச்சாமி பையிலிருந்து கேமராவை எடுத்தார். கயிற்றுக்கு வெளியே சரிவைப் பார்த்தபடி ஒரு திட்டு இருந்தது. அதில் ஏறி நின்றுகொண்டு சரிவை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். எல்லாம் நீலம். சேறு நீலம், பாறை நீலம், வேரோடு கிடந்த பலா மரம் நீலம். வெயிலே இல்லாத நாள். சூடு என்று எங்கும் ஒன்றும் இல்லை.

பிறகு திரையின் நடுவில் ஒரு மஞ்சள் தெரிந்தது.

கண்ணால் பார்த்தார். அங்கே ஓர் அலுமினியத் தகரம் சேற்றிலிருந்து சாய்வாக நீட்டிக்கொண்டிருந்தது. போன மாதம்தான் அவர் தன் சமையலறைக்குப் போட்ட கூரை. மழை அதைக் கழுவி வைத்திருந்தது. கண்ணுக்கு வெறும் மங்கலான தகரம். திரையிலோ அதன் மேல் தலையும் தோளுமாக ஓர் உருவம். தகரத்துக்குக் கீழே ஆள் இருந்தால் அந்தச் சூடு தகரத்தில் ஏறும் என்று அவர் நினைத்தார்.

அப்போது மெய்யம்மை சேற்றில் முழங்கால்வரை நனைந்து மேலே ஏறிவந்தார். கீழே காலையிலிருந்து மண் கூடை சுமந்தவர். கோட்டைச்சாமியின் பக்கத்தில் வந்து நின்றார்.

திரையில் இன்னோர் உருவம் தோன்றியது.

"அம்மா," என்றார் கோட்டைச்சாமி. "ரெண்டு பேரும் இருக்காங்கம்மா."

கீழே இருந்தவர்களைக் கூவி அழைத்துச் சொன்னார். சரிவில் வரிசையாக நின்றவர்கள் வாய்க்கு வாய் அந்தச் செய்தியைக் கீழே கொண்டுபோனார்கள். சற்று நேரத்தில் டீக்கடைப் பக்கம் பொக்லைனின் சத்தம் மாறியது. வண்டி கிளம்பிவிட்டது. எஸ்டேட் சாலையைச் சுற்றிக்கொண்டுதான் அது மேலே வர வேண்டும்.

கோட்டைச்சாமி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசிக்கொண்டே இருந்தார். இடப்பக்கம் இருப்பது பூங்கோதையாம். மகளைத் தன் பக்கத்தில் இழுத்து வைத்திருக்கிறாளாம். இடி இடித்தால் எப்போதும் அப்படித்தான் செய்வாளாம். யாழினிக்குத் தானே தலை வாரிக்கொள்ளும் அளவுக்கு வளர்ந்தும் பயம் போகவில்லையாம். மெய்யம்மை கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கும் கண்ணில் நீர் வந்தது.

கோட்டைச்சாமியின் உதடு வெடித்திருந்தது. காலையிலிருந்து அவர் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. திட்டின் அந்தப் பக்கம் யாரோ குடம் வைத்திருந்தார்கள். தண்ணீர் எடுக்க மெய்யம்மை அங்கே போனார்.

"அம்மா."

அவர் திரும்பிப் பார்த்தார். கோட்டைச்சாமி அப்படியே உட்கார்ந்துவிட்டிருந்தார்.

"ஒண்ணு அணைஞ்சிருச்சும்மா. இப்பத்தான். ஒரு ஆள் போயிருச்சு."

மெய்யம்மை டம்ளரோடு ஓடிவந்து அவர் பக்கத்தில் அமர்ந்தார். அவர் தோளைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்தார். திரையில் இருவர் இருந்தார்கள்.

"வந்திருச்சு," என்றார் கோட்டைச்சாமி. அழுதார். "உயிர் திரும்ப வந்திருச்சும்மா."

மெய்யம்மை டம்ளரை அவர் கையில் கொடுத்தார். அவர் குடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு மெல்ல எழுந்து நாலடி தள்ளி நின்றார். திரையில் ஒருவர்தான் இருந்தார். மெய்யம்மை திரும்பி வந்தார். இருவர். மறுபடி தள்ளிப் போனார். ஒருவர். திரும்பி வந்து அவர் பக்கத்தில் நின்று வலது கையைத் தலைக்கு மேல் தூக்கினார்.

தகரத்தில் இருந்தவள் கையைத் தூக்கினாள்.

கோட்டைச்சாமி அதை நெடுநேரம் பார்த்தார். பிறகு தன் கையை, மிக மெதுவாக, அதே போலத் தூக்கினார். அதைக் கீழே இறக்க மறந்துபோனார்.

கீழ் வளைவில் வண்டி உறுமும் சத்தம் கேட்டது.

"எனக்குத் தெரியும்மா," என்றார். சுவிட்ச் போர்டைத் திறந்தால் செம்புப் பட்டையில் முதலில் கறுப்பு டேப் ஒட்டுவார். அதன் மேல்தான் சூடு பார்ப்பார். வெறும் உலோகத்தில் பார்த்தால், பார்க்கிறவனின் சூட்டைத்தான் அது திருப்பிக் காட்டும். தொழில் கற்க வந்த ஒவ்வொருவனுக்கும் முதல் நாளில் அவர் சொல்லித்தருவது அதுதான். இதை எல்லாம் அவர் மெய்யம்மையிடம் ஒரு வரி விடாமல் சொன்னார். தேர்வில் ஒப்பிக்கிறவர் போலச் சொன்னார்.

கடைசியில் கோட்டைச்சாமி கேட்டார்.

"அப்படின்னா அவங்க?"

"அது அவங்களைக் காட்டல, அண்ணே."

"அவங்க அதுக்குக் கீழ இல்லைன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"உயிரோட இல்லைன்னு தெரியுமா?"

"தெரியாது."

"கீழ சூசை உயிரோட இருக்கானா?"

"அதுவும் தெரியாது."

கோட்டைச்சாமி எழுந்து நின்றார். அவருக்குக் கோபம் வந்திருந்தது. குருவிடம் அவர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. இங்கேயும் தெரியாது, அங்கேயும் தெரியாது என்றால் வண்டி ஏன் இங்கே தோண்டக் கூடாது என்று கேட்டார். வண்டி தானாகத்தானே வருகிறது, நாம் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், ஒரு மணி நேரம் தோண்டட்டும் என்றார். பிறகு கோபம் வடிந்து, ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டாம், சும்மா நின்றால் போதும் என்று கெஞ்சினார். இத்தனை வருஷமாக உங்களிடம் நான் எதுவும் கேட்டதில்லை என்றார்.

மெய்யம்மை தலையைக் குனிந்துகொண்டார்.

"கீழ கேட்டது அவன் தட்டின சத்தம், அண்ணே. இங்க தெரிஞ்சது நம்ம சூடு."

"அந்தச் சத்தமும் நின்னு போச்சே."

"ஆமா."

ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று கோட்டைச்சாமி அவர் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் அவருக்குக் கொடுக்க ஒன்றும் இல்லை. குருவும் களைத்துப்போன ஒரு பெண்ணாகத்தான் நின்றார். யாழினிக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். அது அப்போதுதான் கோட்டைச்சாமிக்கு நினைவு வந்தது.

பொக்லைன் வளைவு திரும்பி மேலே வந்தது. அதன் பின்னால் கீழே மண்ணள்ளிக்கொண்டிருந்தவர்கள் பாதிப் பேர் ஓடிவந்தார்கள். அவர்களில் அருளப்பனும் இருந்தான். தம்பியை விட்டுவிட்டு வந்திருந்தான். மூச்சு வாங்க, அண்ணிக்கும் பிள்ளைக்கும் உயிர் இருக்குன்னா முதல்ல அவங்களை எடுப்போம் என்றான். அவன் கை நகங்களில் இரத்தமும் சேறும் கலந்திருந்தன.

டிரைவர் தலையை வெளியே நீட்டி, எந்த இடம் அண்ணே, கையைக் காட்டுங்க என்றார்.

எல்லோரும் கோட்டைச்சாமியைப் பார்த்தார்கள். அவர் போனிலிருந்து கேமராவைப் பிடுங்கினார். திரை கறுப்பாயிற்று. மெய்யம்மையின் பக்கம் திரும்பி, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் பேசினார்.

"நீங்க சொல்லிருங்கம்மா. என் வாயால என்னால முடியாது."

மெய்யம்மை சேற்றில் நீட்டிக்கொண்டிருந்த தகரத்தைப் பார்த்தார்.

"அங்க யாருமே இல்லையாம்மா?"

மெய்யம்மை அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு கைகளும் சேற்றில் சில்லிட்டிருந்தன.

"அங்க தெரிஞ்ச ரெண்டு பேரும் உயிரோட இருக்காங்க, அண்ணே. வண்டிய அவங்கதான் திருப்பணும்."