கழுதைக் காதில் எழும்பிய மா

கழுதைக்கும் வாய்ப்பேச்சு இருந்த அந்தக் காலத்தில், அதன் காது ஒரு சின்னச் சிரட்டை அளவுதான் இருந்தது. நம்பாதவர்கள் நம்பாமல் போகட்டும். எனக்கென்ன, நடந்ததைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

எங்கள் தீவில் மனிதரைவிடப் பனைமரமும் கழுதையும் அதிகம். அங்கே மதலேனாள் என்று ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் சூசை, பனையில் கள் சீவுகிறவன். ஒரு பங்குனி மாதம் மரத்திலிருந்து விழுந்து செத்துப்போனான். அன்று காலை அவன் இறக்கிவந்த கடைசி முட்டிக் கள் அடுக்களையில் அப்படியே இருந்தது. அதைக் குடிக்கவும் ஆளில்லை, விற்கவும் அவளுக்கு மனமில்லை. கோதுமை மாவில் ஊற்றிப் பிசைந்தாள். மா பொங்கி எழும்பியது. அதில் ஒரு பிடியை எடுத்து வைத்தாள். மறுநாள் அதற்குக் கொஞ்சம் மாவும் தண்ணீரும் கொடுத்தாள். அதுவும் எழும்பியது. இப்படியே ஒரு வருஷம், ஒருநாள் தவறாமல் அந்த மாவுக்குத் தீனி போட்டு வந்தாள்.

"அந்த மனுசன் போயிட்டுது. அது இறக்கின கள்ளு இன்னும் மூச்சு விடுது," என்பாள்.

அந்த ஊரில் ஒரு வழக்கம். உயிர்த்த ஞாயிறு விடியற்காலையில் எல்லா வீடுகளிலிருந்தும் பணிஸ் என்கிற இனிப்பு ரொட்டி சுட்டு, பனையோலைப் பெட்டியில் கோயிலுக்குக் கொண்டுவருவார்கள். பீடத்தின் முன்னால் நீள மேசையில் பெட்டிகள் இருக்கும்; மரமேறுகிற வீட்டு ஆட்கள் மட்டும் வாசலோடு நிற்க வேண்டும். சுவாமியார் மந்திரித்த பிறகு யார் வீட்டுப் பணிசை யாரும் எடுத்துத் தின்னலாம். கோயில் மூப்பர் சந்தியோகுக்கு இதில்தான் வயிற்றெரிச்சல். மரமேறுகிற வீடுகளின் பெட்டிகள் கண்மூடித் திறப்பதற்குள் காலியாகும். மூப்பர் வீட்டுப் பெட்டியில் ஈதான் மொய்க்கும். அவருடைய மனைவிக்குக் கைப்பக்குவம் கிடையாது, அவ்வளவுதான் விஷயம். அதை வீட்டில் சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை. ஊரில் சட்டம் போடத் தைரியம் இருந்தது.

"இனிமேல் கள்ளு விட்டுப் புளிக்க வைச்ச பணிஸ் ஒண்டும் கோயில் படி ஏறப்படாது. மரமேறுற கை பட்டது பீடத்துக்கு ஆகாது," என்றார்.

தவக்காலம் தொடங்கியதும் ஆளை விட்டு எல்லாக் கள் முட்டிகளையும் உடைப்பித்தார். ஊர் பயந்தது. புளித்த மாவையெல்லாம் எல்லோரும் கடலில் கொட்டினார்கள். மிஞ்சியது மதலேனாள் வீட்டுப் பானையில் இருந்த அந்த ஒரு பிடி மாதான். சூசையின் மா பீடத்து மேசையில் இருக்க வேண்டும், அவனை ஏறவிடாத படியில் அவன் கள் ஏற வேண்டும். அந்த ஒரே பிடிவாதத்தில் அவள் அதை மறைத்து வைத்திருந்தாள். அது போனால் சூசை இரண்டாம் தரம் செத்த மாதிரி.

ஆனால் காகத்துக்கும் அப்போது வாய் இருந்ததே! கூரையிலிருந்து பார்த்த காகம் உயிர்த்த ஞாயிறுக்கு முதல்நாள், பெரிய சனிக்கிழமை மத்தியானம், நேரே மூப்பரிடம் போய் ஊதிவிட்டது.

மூப்பர் வெள்ளிப்பூண் போட்ட தடியோடு தெருமுனையில் வருவதை முதலில் கண்டது மதலேனாளின் கழுதை சாம்பலி.

"அக்கா, மூப்பர் வாறார். மாவை எடுங்கோ."

"எங்கையடி வைக்கிறது? பானை பானையாக் கவிழ்த்துப் பாப்பாரே!"

"என்ரை காதுக்குள்ளை வையுங்கோ. கழுதையின்ரை காதை யார் பாக்கப்போகினம்?"

அப்போதுதான் தீனி போட்டுப் பிசைந்த மா. எழும்பத் தயாராக இருந்தது. அதை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு காதிலும் ஒன்றாக அடைத்தாள். முகம் சுளிப்பவர்களுக்குச் சொல்கிறேன், நனைத்த வெள்ளைத் துணியில் சுற்றித்தான் வைத்தாள்.

மூப்பர் வந்தார். அரிசிப் பானையைக் கவிழ்த்தார். பாயை உதறினார். சூசை மரமேறக் கட்டிய பழைய இடைக்கயிற்றைத் தடி நுனியால் தூக்கிப் பார்த்துவிட்டு எறிந்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. வெளியே வந்து கழுதையைப் பிடித்தார்.

"எடி சாம்பலி, மா எங்கை?"

"என்ன?"

"மா எங்கையெண்டு கேக்கிறன்!"

"ஆரு? எனக்கு ஒண்டும் கேக்கேல்லை." அது உண்மைதான். இரண்டு காதும் அடைத்துக் கிடந்தன.

மூப்பர் தடியால் இரண்டு வைத்தார். சாம்பலி அசையவில்லை. "சரி. பொழுது படுமட்டும் நான் இஞ்சைதான் இருப்பன். நீ எப்பிடிப் புளிக்க வைக்கிறாய் எண்டு பாப்பம்," என்று மதலேனாளிடம் சொல்லிவிட்டு, வாசலில் நின்ற பெருக்கமரத்து நிழலில் சப்பணம் கட்டி உட்கார்ந்தார்.

வெயிலில் நின்ற சாம்பலியின் காதுக்குள் மா எழும்பத் தொடங்கியது. பங்குனி வெயில் சும்மா விடுமா? முதலில் காது உப்பியது. பிறகு பக்கவாட்டில் போக இடமில்லாமல் மேலே போனது. உயிர் போகிற வலி. சாம்பலி வாயைத் திறக்கவில்லை. கண்ணீர் மட்டும் மூக்குவரை ஓடியது. மதலேனாள் அதைப் பார்த்துத் தவித்தாள். போதும், எடுத்து அவர் காலடியில் எறிந்துவிடலாம் என்றுகூட நினைத்து ஓரடி முன்னே வைத்தாள். சாம்பலி தலையைக் குறுக்கே ஆட்டியது. மதலேனாள் நின்றுவிட்டாள்.

மூப்பருக்கு உபவாசக் களைப்பு. தூங்கி விழுந்தார். கண் விழித்தபோது கழுதையின் காது ஒரு சாண். கண்ணைக் கசக்கினார். மறுபடி தூங்கி விழித்தபோது ஒன்றரைச் சாண். 'பசியில் கண் பூத்துப்போச்சு' என்று சிலுவை போட்டுக்கொண்டார். பொழுது பட்டதும் தள்ளாடி எழும்பி, யாரையும் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தார்.

மதலேனாள் ஓடிவந்து துணியை இழுத்தாள். மா பூப்போல இருந்தது. சாம்பலியின் காது மட்டும் திரும்பிச் சுருங்கவில்லை. அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒரு பாட்டம் அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு வேலையைப் பார்த்தாள். சீனி, தேங்காய்ப்பால், ஏலக்காய் எல்லாம் சேர்த்துப் பெருமாவாகப் பிசைந்து மூடிவைத்தாள். விடியுமுன் பனைமட்டை எரித்துப் போறணை அடுப்பைச் சூடாக்கினாள். பணிசை உருட்டும்போது ஒவ்வொன்றின் தலையிலும் இரண்டு காதை இழுத்துவிட்டாள்.

கோயில் வாசலில் மூப்பர் தடியைக் குறுக்கே நீட்டிக்கொண்டு நின்றார். மதலேனாளுக்குப் பின்னால், முதுகில் இரண்டு பெட்டிகளோடு சாம்பலி. ஏலக்காய் வாசம் ஊரையே திரும்பிப் பார்க்க வைத்தது.

"கள்ளுப் பணிஸ் உள்ளுக்கு வரப்படாது!"

"மூப்பரையா," என்றாள் மதலேனாள். "இண்டைக்கு என்ன திருநாள்? எழும்பின ஆண்டவருக்கு எழும்பாத பணிசே குடுக்கப்போறியள்? இது என்ரை புருசன் இறக்கின கள்ளு. அவருக்கு உள்ளுக்கை இடம் குடுக்கேல்லை, வாசலோடை நிண்டு பூசை கண்ட மனுசன். இண்டைக்கு அவர் உள்ளுக்குப் போவார்."

மூப்பர் அவளை விட்டுவிட்டுக் கழுதையின் பக்கம் திரும்பினார்.

"நில்லடி! இவ்வளவு நீளக் காது வைச்சிருக்கிறாய், நான் சொல்லுறது விழேல்லையோ?"

சாம்பலி அவரை நிமிர்ந்து பார்த்தது.

"நல்லா விழுகுது. செய்யமாட்டன்."

சொல்லிவிட்டு நடந்தது. நெஞ்சால் தள்ளிய தள்ளில் வெள்ளிப்பூண் தடி படியில் உருண்டது. சாம்பலி நேரே பீடத்தின் முன்னால் போய் மேசைக்குப் பக்கத்தில் நின்றது. சுவாமியார் மூப்பரைப் பார்த்தார், கழுதையைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். மந்திரித்தார். பிறகு ஒரு பணிசை எடுத்துத் தின்றார். இன்னொன்றையும் எடுத்தார். மதலேனாள் அந்தப் பெட்டிக்குப் பக்கத்திலேயே பூசை முடியும்வரை நின்றாள்; யாரும் அவளை வெளியே போகச் சொல்லவில்லை.

சாம்பலி அதற்குப் பிறகு வாய் திறந்து ஒரு சொல்லும் பேசவில்லை. அதைவிட நல்லதாகச் சொல்ல இனி என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டது போலும்.

அன்று முதல்தான் கழுதைக்குக் காது நீண்டது. தடியோடு வந்து அதட்டுகிறவர் சொன்னதெல்லாம் காதில் விழுந்தும், அது தன் விருப்பப்படியே நிற்பதும் நடப்பதும் அன்று முதல்தான். எங்கள் தீவில் உயிர்த்த ஞாயிற்றுப் பணிசுக்கு இன்றும் இரண்டு காது இழுத்துத்தான் சுடுகிறார்கள். மூப்பர் வம்சத்து வீட்டுப் பணிசுக்கும் இரண்டு காது உண்டு.