மழையைத் துடைத்த ஸ்கேனர்

"டீச்சர், படம் கண்ணாடி மாதிரி வந்திருக்கு. ஆனா இது நம்ம கல்யாணமே இல்லைங்கிறா என் வீட்டுக்காரி."

தாசன் படத்தை மேசைமேல் வைத்தார். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பழைய பிலிம்களை ஸ்கேன் செய்யக் கற்றுக்கொள்ள மெஹ்ராஜிடம் வந்துகொண்டிருந்தார். மெஹ்ராஜுக்கு அவர் வயதில் பாதிகூட இருக்காது.

படத்தில் சர்ச் வாசல். மாலையும் கழுத்துமாக இரண்டு பேர், ஒரு சின்னக் குடைக்குள் பாதியும் வெளியே பாதியுமாக நின்று சிரிக்கிறார்கள்.

"அக்கா என்ன கேட்டாங்க?"

"மழை எங்கேன்னு கேட்டா. அன்னைக்கு ஊத்து ஊத்துன்னு ஊத்திச்சு. பிலிம்ல இருக்கு. இதுல ஒரு சொட்டு இல்லை."

மெஹ்ராஜ் சிரித்துவிட்டாள்.

"தூசி, கீறல் எல்லாத்தையும் நீக்கச் சொல்லி டிக் அடிச்சீங்களா அண்ணே?"

"அடிச்சேன். சுத்தமா வரணுமே."

"கறுப்பு வெள்ளை பிலிம்ல அதுக்குக் கீறலும் ஒண்ணுதான், மழையும் ஒண்ணுதான். சேர்த்துத் துடைச்சிருச்சு."

பிலிமை மறுபடி வைத்தாள். எல்லா டிக்குகளையும் எடுத்துவிட்டு, எதையும் திருத்தாமல் உள்ளதை அப்படியே தரும் 'ரா' என்பதை மட்டும் தட்டினாள்.

வந்ததைப் பார்த்து தாசனின் முகம் விழுந்துவிட்டது. நெகட்டிவில் இருந்தபடியே வெள்ளைச் சேலை கறுப்பாக, முகங்கள் கரியாக, எல்லாமே மங்கலாக.

"ஒண்ணுமே சரியில்லையே டீச்சர்."

"இதுதான் ஸ்கேனர் பார்த்தது. முன்னாடி வந்தது, அது நினைச்சது."

கறுப்பை வெள்ளையாக்கினாள். கொஞ்சம் வெளிச்சம் கூட்டினாள். குடைமேல், சேலைமேல், வானமெங்கும் வெள்ளைக் கோடுகள்.

"இதுல எதைத் துடைக்க, எதை விட? நீங்களே சொல்லுங்க அண்ணே."

அவள் மவுஸை அவர் பக்கம் தள்ளினாள்.

தாசன் ஓரத்தில் சுருண்டு கிடந்த ஒரு நூலைத் துடைத்தார். ஒரு மயிரைத் துடைத்தார். அப்படியே நகர்ந்து வந்தவர், மணப்பெண்ணின் கன்னத்தில் கையை நிறுத்தினார். அங்கே மெல்லிய கோடு ஒன்று.

"டீச்சர், இது மழையா, கீறலா?"

"நனைஞ்சது நானா அண்ணே?"

தாசன் அந்தக் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே நல்ல வெயில்.

வீட்டுக்குப் போன் போட்டார்.

"ரோஸ்பெல், ஒரு ஆட்டோ பிடிச்சு இங்க வா. மழை வந்திருக்கு."